பழுப்பு மருந்தும் பச்சைக் குழந்தையும்

ஈஜிபுராவிலும் அதனை அடுத்த விவேக்நகர், நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளிலும் வாழும் நம்மவர் வீடுகளில் மருந்துக்கென்று தனிப் பெட்டி இருப்பது அரிது. ஆயினும், சுவாமி படத்துக்குப் பக்கத்திலோ, கண்ணாடி மாட்டிய அலமாரியின் மேல்தட்டிலோ ஒரு பழுப்பு நிறப் புட்டி மட்டும் தவறாமல் இருக்கும். நம் பாட்டனார் காலத்தில் அதற்கு 'டிஞ்சர்' என்று பெயர். இப்பொழுது கடையில் 'பீட்டாடின்' என்று கேட்டு வாங்குகிறோம். அதன் மருத்துவப் பெயர் போவிடோன் அயோடின். கட்டட வேலைக்குப் போனவர் காலில் ஆணி ஏறினால் அதுதான். பள்ளிப் பையன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் அதுதான். பிரசவித்த பெண்ணின் தையலுக்கும் அதுதான். சில வீடுகளில், பிறந்து பத்து நாள் ஆகாத சிசுவின் தொப்புளுக்கும் அதுவேதான்.

"வெளியே தடவுகிற மருந்துதானே, வயிற்றுக்குள்ளா போகிறது?" என்பது நம் பெரியவர்கள் சொல்லும் நியாயம். பெரும்பாலோர் விஷயத்தில் அந்த நியாயம் சரியே. சிலர் விஷயத்தில் அது சரியன்று. அவர்களுடைய தோலின் வழியாக மருந்து உள்ளே சென்று, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியின் வேலையையே நிறுத்திவிடக்கூடும். அந்தச் சிலர் யாவர், அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது யாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நான் டாக்டர் அல்லேன்; இரயில்வேயில் குமாஸ்தா. படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று எழுதுகிறேன்.

அயோடினை 1811 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் பெர்னார்டு கூர்த்துவா என்பவர் கண்டறிந்தார். வெடியுப்புச் செய்வதற்காகக் கடற்பாசிச் சாம்பலைக் காய்ச்சிக் கொண்டிருந்தவர், அதில் கந்தக அமிலத்தைச் சற்று மிகையாக ஊற்றியபொழுது ஊதா நிற ஆவி எழக் கண்டார். ஊதா என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அப்பொருளுக்குப் பெயராயிற்று. கிருமிகளைக் கொல்வதில் அதற்கு நிகரானவை சிலவே. ஆனால் சாராயத்தில் கரைத்த பழைய டிஞ்சரைப் புண்ணில் விட்டால் உயிர் போகிற எரிச்சல் எடுக்கும். 1955 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஷெலான்ஸ்கி என்னும் குடும்பப் பெயருடைய இருவர், அயோடினைப் போவிடோன் என்னும் பொருளோடு பிணைத்து, எரிச்சலின்றிச் சிறிது சிறிதாக அயோடினை வெளிவிடும் மருந்தைக் கண்டார்கள். அதுவே இன்று உலகமெங்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலில் பூசப்படுவது. அதைப் பழிப்பதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. அதனால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றால் எம் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சற்று உற்சாகம் வந்துவிடும், பொறுத்தருள்க.

நம் வீட்டுப் புட்டியின் மேல் நூற்றுக்குப் பத்து என்று அச்சிட்டிருக்கும். அதாவது நூறு மில்லிலிட்டரில் 10 கிராம் போவிடோன் அயோடின். அதில் வேலை செய்யும் அயோடின் மட்டும் 1 கிராம். ஆகவே ஒரு மில்லிலிட்டரில், அதாவது சுமார் இருபது துளியில், 10 மில்லிகிராம். மைக்ரோகிராம் கணக்கில் 10,000. வளர்ந்த மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 90. மாதம் நிறையாமல் ஒரு கிலோ எடையில் பிறந்த சிசுவுக்கு ஏறக்குறைய 30. தடவிய மருந்தில் நூறில் ஒரு பங்கே உள்ளே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டரிலிருந்து 100 மைக்ரோகிராம் இரத்தத்தில் சேரும். பெரியவருக்கு அது ஒரு பொருட்டே அன்று. அந்த ஒரு கிலோ சிசுவுக்கோ அது மூன்று நாளைய தேவைக்கும் அதிகம். தடவுவதோ ஒருமுறையன்று, ஊசி ஏற்றும்போதெல்லாம், குழாய் செருகும்போதெல்லாம், கட்டு மாற்றும்போதெல்லாம்.

அன்றியும், சிசுவின் தோல் நம் தோல் போன்றதன்று. மாதம் நிறையாத குழந்தையின் தோல் வெங்காயச் சருகைப் போல் மெல்லியது. எடைக்குத் தோலின் பரப்பை ஒப்பிட்டால், பெரியவரை விடச் சிசுவுக்கு அது சுமார் மூன்று மடங்கு. மெல்லிய தோல், பெரிய பரப்பு, சிறிய உடல் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்துவிட்டால், தடவுகிற மருந்து ஊட்டுகிற மருந்து ஆகிவிடுகிறது.

தைராய்டு சுரப்பிக்கு அயோடின் இன்றியமையாதது. அதைக் கொண்டுதான் அது தன் சுரப்பு நீரைச் செய்கிறது. அங்ஙனமாயின், அயோடின் மிகுந்தால் சுரப்பும் மிகுந்தல்லவா போக வேண்டும், குறைவது எப்படி என்ற கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. விடையை 1948 இல் வுல்ப், சைக்காப் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் எலிகளைக் கொண்டு கண்டறிந்தார்கள். அயோடின் திடீரென்று வெள்ளமாக வந்தால் சுரப்பி மிரண்டு, உற்பத்தியையே நிறுத்திவிடுகிறதாம். எங்கள் துறையின் பாஷையில் சொல்வதானால், யார்டில் இடம் கொள்ளாத அளவுக்கு வண்டிகள் வந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னலைச் சிவப்பில் வைத்துவிடுவதைப் போன்றது. பெரியவர்களின் சுரப்பி சில நாளில் நிலைமையைச் சமாளித்து, உள்ளே வரும் அயோடினைக் குறைத்துக்கொண்டு, மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். இப்படிச் சமாளிக்கும் திறமை, கருவிலிருக்கும் சிசுவுக்குச் சுமார் 36 வாரம் ஆன பிறகே முதிர்கிறது. அதற்கு முன் பிறந்த குழந்தையிடம் சிக்னலைச் சிவப்பில் வைக்கத் தெரிந்த ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். பச்சைக்கு மாற்றத் தெரிந்தவர் இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை.

சுரப்பு நின்றால் என்ன ஆகும்? பிறந்தது முதல் இரண்டு மூன்று வயது வரை குழந்தையின் மூளை வளர்வதற்குத் தைராய்டு நீர் வேண்டும். அக்காலத்தில் அது நீண்ட நாள் குறைந்தால் அறிவு வளர்ச்சி குன்றும். அந்த இழப்பைப் பின்னால் எந்த மாத்திரையாலும் முழுதும் ஈடு செய்ய இயலாது. பிறவியிலேயே தைராய்டு குறைவாக உள்ள குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மருந்தின் அயோடினால் வரும் குறை பெரும்பாலும் தற்காலிகமானது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் தானே சீராகிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் சில மாதம் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். 'தானே சீராகும்' என்பதை நம்பிச் சும்மா இருக்கலாமா என்றால், கூடாது. எது தற்காலிகம், எது பிறவிக் குறை என்பது குழந்தையின் முகத்தைப் பார்த்துத் தெரியாது. பரிசோதனை செய்துதான் அறிய வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1988 இல் பெல்ஜியம் தேசத்து டாக்டர்கள் எழுதினார்கள்: சிசேரியன் அறுவைக்கும், முதுகில் போடும் மயக்க ஊசிக்கும் முன்பாகத் தாயின் தோலில் அயோடின் மருந்து பூசப்பட்டது, அத்தாய்மாரிடம் பால் குடித்த குழந்தைகளில், தைராய்டு பரிசோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டோர் தொகை, புட்டிப்பால் குடித்த குழந்தைகளைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்திருந்தது. தாயின் மார்பு அயோடினை இரத்தத்திலிருந்து ஈர்த்துப் பாலில் சேர்க்கும் இயல்புடையது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. தாய்க்குத் தடவுவதும் ஓரளவு சேய்க்குத் தடவுவதே என்பதுதான் பொருள். அடுத்த ஆண்டு, 1989 இல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து வந்த செய்தி இன்னும் தெளிவானது. மிகக் குறைந்த எடையில் பிறந்த சிசுக்களுக்கு அயோடின் மருந்தைப் பயன்படுத்திய ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு சிசுவுக்குத் தைராய்டு குறைவின் அறிகுறி இரத்தத்தில் காணப்பட்டது. வேறு மருந்தைப் பயன்படுத்திய இடத்தில் ஒன்றுக்கும் இல்லை.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். 1997 இல் அமெரிக்க டாக்டர்கள் தம் நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து, அங்கே இந்த மருந்தால் அவ்வளவு தீங்கு நேரவில்லை என்று எழுதினார்கள். உணவில் ஏற்கெனவே போதிய அயோடின் கிடைக்கும் நாடுகளில் சுரப்பி திடீர் வெள்ளத்துக்கு அவ்வளவாக மிரள்வதில்லை. அயோடின் பஞ்சத்தில் பழகிய சுரப்பிதான் அதிகமாகத் தடுமாறுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

அப்படியானால் நாம் எந்தக் கட்சி? இங்கே உப்பின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சி, உப்பில் அயோடின் சேர்த்தால் முன்கழுத்துக் கழலை குறையும் என்பதை நிலைநாட்டிற்று. 1962 இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006 முதல், மக்கள் உண்ணும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பதற்கு நாடெங்கும் தடை உள்ளது. நாட்டு மக்களின் நிலை பெரிதும் முன்னேறிவிட்டது. ஆனால் 2018-19 இல் எடுத்த கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு எழுபத்தாறு என்றிருக்க, தமிழ்நாட்டில் நூற்றுக்கு அறுபத்திரண்டுதான். எல்லா மாநிலங்களுக்கும் கடைசி. தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் உப்பு விளைவிக்கும் நாட்டுக்கு இந்த இடம்! காரணம் கல்லுப்பின் மேல் நமக்குள்ள பற்று. ஊருக்குப் போய்த் திரும்பும்போது புளி, மிளகாயோடு கல்லுப்பையும் மூட்டை கட்டி வரும் குடும்பங்களை நான் அறிவேன். அதன் ருசியே தனி என்பார்கள், இருக்கலாம். ஆனால் பையின் மேல் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிராத உப்பைக் கர்ப்பிணிப் பெண் உண்ணலாகாது. அயோடின் குறைந்த தாயின் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் பழுப்புப் புட்டி அதிகம் பகை.

தொப்புள் விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கொடி விழும்வரை மஞ்சள், விளக்கெண்ணெய், சாம்பல், சுட்ட வசம்பு என்று ஏதேனும் ஒன்றை வைப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். இளைய தலைமுறை அது அநாகரிகம் என்று விட்டுவிட்டு, அதே இடத்தில் பழுப்பு மருந்தை வைக்கிறது. பழக்கம் மாறவில்லை, பண்டம் மாறிற்று. ஆஸ்பத்திரியில் சுத்தமாகப் பிறந்த குழந்தையின் தொப்புளைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சீழ், துர்நாற்றம், சுற்றிலும் சிவப்பு இருந்தால் டாக்டரிடம் கொண்டு போக வேண்டுமேயன்றி, மேல்தட்டுப் புட்டியை எடுக்கக்கூடாது.

இப்பொழுது, ஊர்விட்டு ஊர் வந்த நமக்கென்றே உள்ள ஒரு சங்கடத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போகிறாள். பிள்ளை அங்கே பிறக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெங்களூருக்கு வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு வேண்டியதில்லை. ஆகவே எங்கள் சார்ட்டில் அந்தக் குழந்தையின் பெயரே இராது. ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறத்தாழ அப்படித்தான். பிறந்த ஊரில் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தின் முடிவு அந்த ஊர் விலாசத்துக்குப் போகிறது. இங்குள்ள டாக்டருக்கு அப்படி ஒரு பரிசோதனை நடந்ததா என்பதே தெரியாது. வே-பில் இல்லாமல் வந்து சேரும் பார்சலை எவ்வளவு நல்ல குமாஸ்தாவாலும் உரியவரிடம் சேர்க்க முடியாது.

எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம். பிள்ளை எட்டாம் மாதத்தில், ஒன்றரைக் கிலோ எடையில், தாய்வீட்டு ஊரில் பிறந்தது. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியில், தைராய்டு பரிசோதனையை மறுபடி செய்க என்று எழுதியிருந்தது. அக்காகிதம் பாட்டியம்மாளின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நான்காம் மாதம் இங்கே கொண்டு வந்த பிள்ளை அதிகம் தூங்குகிறான், பால் குடிக்கச் சோம்புகிறான், மலச்சிக்கல் என்று தாய் சொல்ல, சாதுப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள். அழாத பிள்ளையைப் பாராட்டுவதில் நமக்கு ஈடில்லை! ஒரு டாக்டர் சந்தேகித்து இரத்தம் பார்த்தார். தைராய்டைத் தூண்டும் நீர் மிகுந்திருந்தது, மாத்திரை தொடங்கினார்கள். பிள்ளை இப்பொழுது தவழ்கிறான். ஆனால் குறை அயோடினால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்று இனிச் சொல்ல முடியாதாம், காலம் கடந்துவிட்டது. மூன்று வயது நிறைந்த பின் டாக்டரின் பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு சொட்டு இரத்தம் சொல்லியிருக்கக்கூடியதை அறிய, மூன்று ஆண்டு காத்திருக்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சென்னை முதலிய ஐந்து நகரங்களில் சுமார் ஒரு லட்சம் சிசுக்களைப் பரிசோதித்து, பிறவித் தைராய்டு குறைவு ஏறத்தாழ 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இருப்பதாகக் கண்டது. மேல்நாடுகளில் சொல்லப்படும் கணக்கினும் இது மிகுதி. அயோடின் கதை ஒருபுறமிருக்க, இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும்.

பரிசோதனையில் ஒரு நுட்பம் உண்டு. சில ஆஸ்பத்திரிகளில் பிறந்த உடனே தொப்புள் கொடி இரத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். பிறவிக் குறையைக் காண அது உதவும். ஆனால் பிறந்த பிறகு தடவும் மருந்தால் வரும் குறை அதில் எப்படித் தெரியும்? ஆகவே மாதம் நிறையாமலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தைக்கு, முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்குச் சுரப்புக் குறைவின் அறிகுறி இரத்தத்தில் தாமதமாகத் தோன்றுவதும் உண்டு. அதற்கும் இந்த இரண்டாம் பரிசோதனையே வழி.

சிசுக்களை விட்டால், எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் வேறு சிலரும் உளர். உடம்பின் பெரும்பகுதி தீயில் வெந்தவர். அங்கே தோல் என்னும் கதவே இல்லை. சிறுநீரகம் பழுதானவர், மிகுந்த அயோடின் வெளியேறும் வழி சிறுநீர்தான், அவ்வழி அடைபட்டிருக்கிறது. சர்க்கரை வியாதியால் காலில் ஆறாப் புண் வந்து, மாதக் கணக்காக அயோடின் மருந்தில் கட்டுப் போட்டுக்கொள்பவர். வயதானவரில் கழுத்தில் நெடுநாட் கழலை உள்ளவருக்கு நேர்மாறான விபரீதம் நேரலாம்: சுரப்பு நிற்பதற்குப் பதிலாகக் கட்டுக்கடங்காமல் பெருகி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடம்பு இளைக்கும். இவர்கள் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. ஆறாப் புண்ணும் உயிருக்கு ஆபத்தே. டாக்டரிடம் தைராய்டு விவரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். தைராய்டுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவரும் அண்மையில் இந்த மருந்தை நிறையப் பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் படம் பொய் சொல்லும்.

பள்ளிப் பையனின் முழங்காலுக்கு? தாராளமாகத் தடவலாம். புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி மஞ்சள் தூளுக்குப் போக வேண்டாம்.

பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்புவோர் இவற்றைச் செய்யலாம். குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை நடந்ததா, எந்த நாளில் என்று கேட்டு, முடிவைக் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படமெடுத்துத் தகப்பனுக்கு அனுப்பி வைத்தால், டிரங்குப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தையாயின், தோலில் அயோடின் மருந்து அடிக்கடி பூசினார்களா என்றும் கேட்கலாம், கேட்பது குற்றமன்று. இங்கே வந்ததும், நன்றாக இருக்கும் குழந்தையாயினும் ஒரு முறை டாக்டரிடம் காட்டி, அந்தக் காகிதத்தையும் காட்டுங்கள். ஈஜிபுராவிலிருந்து செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தொலைவன்று. குழந்தைகளுக்கென்றே அரசு உதவியில் நடக்கும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் நிமான்ஸுக்கு அருகில் இருக்கிறது. கன்னடம் பழகாத புதுக் குடும்பங்கள் வாய் திறக்கக் கூச்சப்பட்டே பாதிக் கேள்வியை விழுங்கிவிடுகின்றன. அவர்களுக்காக ஒரு வாக்கியம் எழுதி வைக்கிறேன்; அப்படியே சொன்னால் எந்த நர்ஸுக்கும் விளங்கும்: "மகுவிகெ தைராய்டு டெஸ்ட் மாடித்தாரா?"